மழையும் பெட்டரி பைக்கும்: நீங்க கேட்டது, நாங்க சொல்றது

இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் பிரிச்சி வச்சா முக்கால்வாசி ஒரே விஷயம்தான். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் மே மாசம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது, அது ஓஞ்சி மூச்சு விடுறதுக்குள்ள பதுளை, பண்டாரவளை பக்கம் டிசம்பர் மழை, நடுவில ஏப்ரல்லயும் ஒக்டோபர்லயும் பின்னேரமானா இடி மின்னல். மலைநாட்டில பெட்டரி பைக் வாங்கிட்டு மழைக்கு பயந்தா வருசத்தில பாதி நாள் பஸ்லதான் தொங்கணும். அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அண்ணே, கொட்டகலையில இருந்து ஹட்டன் டவுனுக்கு தினமும் வேலைக்கு போறேன். 72 வோல்ட் பைக். மழையில ஓட்டினா கரண்ட் அடிக்கும்னு அம்மா சாவிய ஒளிச்சி வச்சிர்றாங்க. பைக் பேப்பர்ல ஐபி 67ன்னு போட்டிருக்கு, அப்ப பயமில்லாம ஓட்டலாம்தானே?
(கொட்டகலை வாசகர்)

பதில்: தம்பி, மழையில ஓட்டுறதால கரண்ட் அடிக்காதுன்னு அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க. பெட்டரியோட பிளஸ்ஸும் மைனஸும் பைக் பொடியில எங்கயும் தொடாம தனியா ஓடுது, வீட்டு கரண்ட் மாதிரி நிலத்த தேடிப் போற கரண்ட் இல்ல அது. ஆனா 72 வோல்ட் லித்தியம் பெட்டரி சில மொடல்ல ஃபுல் சார்ஜ்ல 84 வோல்ட் வரைக்கும் நிக்கும், 60க்கு மேல போன டிசி கரண்ட்ட விளையாட்டா எடுக்கக் கூடாது, அதனால ஈரக் கையோட சீட்ட தூக்கி பெட்டரி வயர நோண்டுற வேல மட்டும் வேணாம்.

அடுத்தது அந்த ஐபி 67. அது எந்த சாமானுக்கு குடுத்த நம்பர்னு பேப்பர்ல திரும்ப ஒருக்கா பாருங்க, அநேகமா மோட்டருக்கு மட்டும்தான் இருக்கும். பெட்டரிக்கு வேற, மோட்டருக்கு போற பவர கட்டுப்படுத்துற கொன்ட்ரோலருக்கு வேற, மீட்டருக்கு ஒண்ணுமே போடாமலும் விட்டிருப்பாங்க. முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது நம்பர் தண்ணிக்கு. 7ன்னா ஒரு மீட்டர் ஆழ தண்ணியில அரை மணித்தியாலம் சும்மா கெடந்தாலும் கெட்டுப் போற அளவுக்கு உள்ள இறங்காதுன்னு அர்த்தம், அதுவும் புது சாமானுக்கு, அசையாத தண்ணியில. பைப்ல பீச்சி அடிக்கிற தண்ணிக்கு 5, 6ன்னு தனி பரீட்சை இருக்கு, 7 பாஸ் பண்ணினது 5ல பாஸ் பண்ணியிருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. கடைக்காரர் இத சொல்ல மாட்டார். நாலா பக்கமும் தெறிக்கிற தண்ணிக்கு 4, சாதாரண மழையில ஓட்டுறதுக்கு அதுவே போதும். ஆக ஓட்டலாம் தம்பி, சந்தேகமே இல்ல. என்ன ஒண்ணு, ரெண்டு மூணு வருசம் போனா ரப்பர் வாசர் காஞ்சி வெடிச்சிரும், அந்த நம்பர் மட்டும் ஸ்டிக்கர்ல அப்படியே மினுங்கிகிட்டு இருக்கும்.

உண்மையில தண்ணி பூந்து விளையாடுற எடம் வயர் பிளக்குங்கதான். மழையில்லாத நாள் பார்த்து பெட்டரிய ஓஃப் பண்ணி கழட்டி வச்சிட்டு சீட்டுக்கு கீழ இருக்கிற வெள்ள பிளாஸ்டிக் பிளக் ஒண்ண மெதுவா இழுத்துப் பாருங்க. பிளஸ் வயர் பின்ல மட்டும் பச்சையா மா மாதிரி பூத்திருந்தா, ஈரம் நிண்டு கரண்ட் பாய்ஞ்சி செம்ப தின்னுகிட்டு இருக்குன்னு அர்த்தம். கொன்டெக்ட் கிளீனர் அடிச்சி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சி, நல்லா காய வச்சி, சிலிக்கன் கிரீஸ் கொஞ்சோண்டு பூசி மாட்டுங்க. பெயாரிங்குக்கு போடுற கிரீஸ் வேணாம், அது ரப்பர ஊத வச்சிரும். ஹார்ட்வெயார் கடையில விக்கிற வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கன் டியூப்ப வாங்கி பிளக் மேல அப்புறாங்க பாருங்க, அதுதான் பெரிய கூத்து. அதில இருந்து வர்ற அசிட்டே செம்ப அரிச்சிரும்.

இன்னொண்ணு, பிளக்குக்கு போற வயர் மேல இருந்து நேரா இறங்கினா தண்ணி வயர் வழியா ஓடி பிளக்குக்குள்ளதான் போய் உக்காரும். வயர பிளக்குக்கும் கீழ கொஞ்சம் தொங்க விட்டு திரும்ப மேல ஏத்தி மாட்டினா தண்ணி அந்த வளைவிலயே சொட்டிரும். ஒரு சதம் செலவில்லாத வேல. பெட்டரி பொக்ஸுக்கு அடியில கம்பனிக்காரன் விட்டிருக்கிற சின்ன ஓட்டைய சேறு அடைக்காம பார்த்துக்குங்க. தண்ணி எப்படியும் கொஞ்சம் உள்ள வரும், வந்தது வெளிய போக வழி இருந்தா பைக்குக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: நான் டீச்சரா வேல செய்யிறேன். வட்டவளையில மழைய பத்தி சொல்லவே வேணாம். தெரிஞ்ச தம்பி ஒராள் கொன்ட்ரோலர பொலித்தீன்ல சுத்தி டேப் அடிச்சி குடுத்தார். அதுக்கப்புறம் பள்ளிக்கூட ஏத்தத்தில பாதியில பைக் இழுக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சா சரியாகுது. பெட்டரி போயிருச்சா?
(வட்டவளை வாசகி)

பதில்: பெட்டரி மேல பழி போடாதீங்க டீச்சர், முதல்ல அந்த பொலித்தீன கழட்டுங்க. கொன்ட்ரோலர்ங்கிறது அலுமினிய பெட்டி, வெளிப்பக்கம் வரிவரியா பள்ளம் இருக்கும், அந்த பள்ளத்தில காத்து பட்டாத்தான் உள்ள இருக்கிற சூடு வெளிய போகும். ஏத்தத்தில பைக் மெதுவா போகுது, ஆனா மோட்டர் கரண்ட கூட இழுக்குது, அந்த நேரம்தான் கொன்ட்ரோலர் நல்லா கொதிக்கும். பொலித்தீன் சுத்தினா சூடு போக வழியில்ல, ஒரு அளவுக்கு மேல போனதும் அதுவே தன்ன காப்பாத்திக்க பவர குறைச்சிரும். நிப்பாட்டி வச்சா ஆறிரும், திரும்ப ஓடும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே இதுதான்.

இதோட முடியல. சூடான பெட்டிய குளிர் மழையில நிப்பாட்டும்போது பொலித்தீனுக்கு உள்பக்கம் வேர்த்து ஊத்தும், டேப் அடிச்சதால அந்த தண்ணி அங்கயே நிக்கும். மழைய தடுக்கப் போய் மழைய உள்ள பூட்டி வச்ச கதை. கழட்டி பாருங்க, உள்பக்கம் ஈரமா இருக்கும்.

அதுக்கு பதிலா பின் மட்கார்ட்ட பாருங்க. நம்ம ரோட்டுக்கு அந்த கட்ட மட்கார்ட் பத்தாது, டயர் அள்ளி வீசுற சேத்துத் தண்ணி எல்லாம் நேரா கொன்ட்ரோலர் மேலதான். பழைய டியூப்ப வெட்டி ஒரு முழம் தொங்க விட்டு ரெண்டு ஸ்க்ரூ போட்டா போதும், டயர்ல மட்டும் உரசக் கூடாது. மேல இருந்து விழுற தண்ணிக்கு கூரை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு வைக்கலாம், சுத்திக் கட்ட மட்டும் வேணாம். ராத்திரியில பைக்க மூடி வைக்கிற கவரும் அப்படித்தான், ஈர பைக்க அப்படியே மூடினா நம்ம பனிக்கு விடியும்போது மீட்டர் கண்ணாடிக்குள்ள ஆவி கட்டியிருக்கும். துடைச்சி, கொஞ்சம் ஆற விட்டு, கீழ காத்து போற மாதிரி மூடுங்க.

கேள்வி: பின்னால இருக்கிறவங்க குடை பிடிச்சிகிட்டு வந்தா என்ன தப்பு?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: மேல் கொத்மலை டேம் கிட்ட அடிக்கிற காத்த மறந்துட்டீங்களா? ரெயின் கோட் வாங்கி குடுங்க அவங்களுக்கு. நீளமான கோட்டா இருந்தா நுனிய மடிச்சி உக்கார சொல்லுங்க, பின் சில்லுல சுத்தினா ஆளையே இழுத்துரும்.

கேள்வி: நேத்து நல்ல மழை. டவுன்ல நிப்பாட்டிட்டு வந்து சாவிய போட்டா லயிட் எரியுது, ஹோன் அடிக்குது, த்ரொட்டில் திருகினா பைக் நகரவே இல்ல. தள்ளிகிட்டே வீட்டுக்கு வந்தேன். இண்டைக்கு காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. கராஜ்ல மோட்டர் மாத்தணும்னு சொல்றாங்க.
(பண்டாரவளை வாசகர்)

பதில்: மோட்டர் மாத்த காச எடுத்து வைக்காதீங்க. அடுத்த தடவ இப்படி ஆனா பின்னால போய் பிரேக் லயிட்ட பாருங்க. நீங்க பிரேக்க தொடாம இருக்கும்போதே அது எரிஞ்சிகிட்டு இருந்தா கள்ளன் பிடிபட்டான். பிரேக் பிடிச்சா மோட்டருக்கு போற பவர கட் பண்றதுக்கு ஹேண்டில் லீவர்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. நிறைய மொடல்ல அதுக்குள்ள தண்ணி பூந்தா ரெண்டு வயரும் ஒட்டிகிட்டு, ஆள் பிரேக் பிடிச்சிகிட்டு இருக்கார்னு கொன்ட்ரோலர் நெனச்சிக்கும். பாவம், அது என்ன செய்யும், அதுக்கு சொன்னத கேக்குது. காஞ்சதும் சரியாயிரும். லீவர பல தடவ அமத்தி விட்டு, தண்ணிய உதறி, கொன்டெக்ட் கிளீனர் அடிச்சா வழிக்கு வரும், வராட்டி சுவிட்ச மட்டும் மாத்தினா சரி, மோட்டர் விலைக்கு பக்கத்தில கூட வராது.

பிரேக் லயிட் எரியல, ஆனா பைக் உதறி உதறி, இழுக்கவும் மாட்டாம விடவும் மாட்டாம கரகரன்னு நடுங்குதுன்னா அது வேற கேஸ். மோட்டருக்குள்ள ஹோல் சென்சர்னு மூணு இருக்கு, சில்லு எந்த எடத்தில நிக்குதுன்னு கொன்ட்ரோலருக்கு சொல்றது அதுங்கதான். மோட்டரில இருந்து வர்ற மெல்லிசு வயர் அஞ்சும் அதுக்குத்தான், தடிச்ச மூணு வயர் மோட்டருக்கு பவர். அந்த மெல்லிசு வயர் பிளக் நனைஞ்சாலே உதறல் வரும், அதனால மோட்டர கழட்ட முந்தி பிளக்க காய வச்சி பார்க்க சொல்லுங்க.

பயப்பட வேண்டியது ஒண்ணே ஒண்ணு, த்ரொட்டில். அதுக்குள்ளயும் ஒரு சென்சர்தான், 5 வோல்ட் வயரும் சிக்னல் வயரும் பக்கத்து பக்கத்தில போகுது. நடுவில தண்ணி பாலம் போட்டா நீங்க திருகாமலே பைக் பாயப் பார்க்கும். மழையில நிப்பாட்டி வச்ச பைக்குல ஏறி உக்காந்து சாவிய போடாதீங்க. சென்டர் ஸ்டேண்ட்ல, பின் சில்லு நிலத்தில படாம வச்சி போட்டு பாருங்க, சில்லு தானா சுத்தினா உடனே சாவிய எடுங்க. ஓடும்போது அப்படி ஆனா பிரேக்க விடாம பிடிச்சிகிட்டு சாவிய ஓஃப் பண்ணணும். மழையில ரோட்டோரம் நிப்பாட்டும்போது ஹேண்டில்ல ஒரு சொப்பிங் பேக்க கவுத்து விடுறது நல்ல பழக்கம், அங்க சூடாகிற சாமான் எதுவும் இல்ல.

கேள்வி: எங்கட லயத்தில இஸ்தோப்புலதான் (முன் திண்ணையில) பைக்க வச்சி சார்ஜ் போடுறோம். உள் காம்பராவில இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருக்கோம். மழை சாரல் அடிச்சா ட்ரிப் சுவிட்ச் விழுது. பக்கத்து வீட்டு அண்ணன் ட்ரிப் சுவிட்ச பைபாஸ் பண்ணி தாறேன்னு சொல்றார்.
(பொகவந்தலாவை வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த அண்ணனுக்கு ஒரு டீய குடுத்து அனுப்பி வைங்க, பெட்டிய தொட விடாதீங்க. முதல் கேள்வியில பைக் கரண்ட் அடிக்காதுன்னு சொன்னேன், இங்க அந்த பேச்சுக்கே எடமில்ல. சார்ஜருக்கு வர்றது 230 வோல்ட் வீட்டு கரண்ட், ஆள கொல்லும். ட்ரிப் சுவிட்ச் விழுதுன்னா கரண்ட் போகக் கூடாத வழியில எங்கயோ கசியுது, அத பார்த்து அது தன் வேலைய செய்யிது. வீட்டுக்கு போடுற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிஞ்சாலே விழணும். அத பைபாஸ் பண்ணினா கசியுற கரண்ட் அடுத்தது யார தேடும்? செருப்பில்லாம இஸ்தோப்புல விளையாடுற பிள்ளையத்தான்.

பெட்டரி கழட்டக் கூடிய மாதிரி இருந்தா கழட்டி உள்ளுக்கு கொண்டு வந்து, சிமெந்து தரையில, மெத்தை துணிமணி இல்லாத பக்கமா, வெளிய போற கதவ மறைக்காம வச்சி, ஆள் முழிச்சிருக்கிற நேரத்தில சார்ஜ் போடுங்க. ராத்திரி தூங்கும்போது வேணாம். கழட்ட முடியாத பெட்டரின்னா சார்ஜர உள் காம்பராவில ஒரு ஸ்டூல் மேல வைங்க, பைக்குக்கு போற வயர் நீளம் எட்டுற அளவுக்கு பைக்க கதவு கிட்ட கொண்டாந்து நிப்பாட்டுங்க. நிறைய சார்ஜருக்குள்ள ஃபேன் ஒண்ணு சுத்துது, காத்து இழுக்க ஓட்டை விட்டிருக்கும், அந்த ஓட்டையால சாரலையும் இழுக்கும், அதனால சார்ஜர் மழைக்கான சாமானே இல்ல. எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகணும்னா தடிச்ச வயரா, எர்த்தோட, சுருட்டி வைக்காம நீட்டி விட்டு, பிளக் பேஸ் நிலத்தில கெடக்காம மேல கட்டுங்க. மழையில ஓடி வந்த உடனே சொருகாதீங்க, சார்ஜிங் ஓட்டைய துடைச்சி, காய்ஞ்ச பிறகு போடுங்க, மூடியில இருக்கிற ரப்பர் பிஞ்சிருந்தா மாத்துங்க.

இடி முழங்கினா சார்ஜர சுவத்தில இருந்து கழட்டிருங்க, சுவிட்ச ஓஃப் பண்ணினா மட்டும் பத்தாது. ஆனா இடி தலைக்கு மேல வந்த பிறகு ஓடிப் போய் பிளக்க தொடாதீங்க, வானம் கறுக்கும்போதே கழட்டணும். தகரக் கூரை லயத்தில எர்த் கம்பி சரியா இருக்கான்னு தோட்டத்து எலக்ட்ரீஷியன ஒருக்கா பார்க்க சொல்றதும் நல்லது, நிறைய எடத்தில எர்த் வயர் பிளக் பேஸ் வரைக்கும் வந்து அங்கயே முடிஞ்சி போய் கெடக்கு.

கேள்வி: சர்விஸ் ஸ்டேஷன்ல பொடி வோஷ் அடிக்கலாமா?
(ஹப்புத்தளை வாசகர்)

பதில்: தண்ணி பீச்சி அடிக்கிற அந்த பிரஷர் கன்ன பார்த்தாலே பைக்க திருப்பிக்குங்க. மழைத்தண்ணி பூர முடியாத எடத்துக்கெல்லாம் அந்த பிரஷர் தண்ணிய ஏத்திரும், பெயாரிங் சீல், வயர் பிளக், மோட்டர் அச்சில வயர் வெளிய வர்ற ஓட்டை எல்லாம் அதுக்கு வாசல்தான். அதுவும் ஏத்தம் ஏறி வந்த சூட்டோட கழுவினா இன்னும் மோசம், சூடான மோட்டர் மேல குளிர் தண்ணி பட்டா உள்ள இருக்கிற காத்து சுருங்கி வெளிய நிக்கிற தண்ணிய உறிஞ்சிரும். வெயில்ல ஒரு வாளி தண்ணி, சோப்பு, துணி, இவ்வளவுதான். முதல்ல மோட்டர கையால தொட்டு பார்த்து ஆறின பிறகு கழுவுங்க. ரோட்டில தண்ணி நிண்டாலும் இதே கணக்குதான், சில்லோட நடு அச்சுக்கு மேல தண்ணி வரும்னு தோணிச்சின்னா இறங்கி வேற பாதைய பாருங்க.

கேள்வி: நுவரெலியாவில இருந்து றம்பொடை வழியா கம்பளைக்கு அடிக்கடி இறங்குவேன். காலையில ஃபுல் சார்ஜோட கெளம்பினா பிரேக் பிடிக்கிறது வித்தியாசமா இருக்கு, பாதி வழிக்கு அப்புறம் நல்லா பிடிக்குது. மழையில பயமா இருக்கு.
(நுவரெலியா வாசகர்)

பதில்: உங்கட பைக்குல ரீஜென் இருக்கு. இறக்கத்தில மோட்டரே ஜெனரேட்டரா மாறி பெட்டரிக்கு சார்ஜ் ஏத்தும், அந்த இழுப்பில பைக் வேகம் குறையும். ஆனா பெட்டரி ஃபுல்லா இருந்தா ஏத்த எடமில்ல, அதனால கொன்ட்ரோலர் ரீஜென நிப்பாட்டிரும். கொஞ்சம் செலவான பிறகு திரும்ப வேல செய்யும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க இருந்து கம்பளைக்கு பெரும்பாலும் இறக்கம்தான், அதனால உங்களுக்கு இது நல்லா தெரியுது. முதல் நாள் ராத்திரி 80, 85 வீதத்தோட சார்ஜ கழட்டிருங்க, கீழ போறதுக்கு அது தாராளம்.

மழையில ரீஜென் வேற ஒரு வம்பும் பண்ணும். நிறைய பைக்குல அது பின் சில்லில மட்டும்தான் இழுக்கும், வளைவில டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மர இலை நனைஞ்சி கெடக்கிற எடத்தில த்ரொட்டில பட்டுன்னு விட்டா பின் சில்லு வழுக்கும். ரீஜென குறைக்கிற செட்டிங் இருந்தா குறைச்சி வைங்க, த்ரொட்டில மெதுவா விடுங்க, வளைவுக்கு முந்தியே வேகத்த குறைச்சிட்டு உள்ள போங்க. ட்ரம் பிரேக்குக்குள்ள தண்ணி போனா முதல் பிடிக்கு பிடிக்காது, அதனால நேர் ரோட்டில அப்பப்ப லேசா பிடிச்சி காய வச்சிகிட்டே இறங்கணும். மிஸ்ட் இறங்கினா லோ பீம் போடுங்க, ஹை பீம் போட்டா வெள்ளச் சுவர்தான் தெரியும். இன்னொண்ணு கேக்காம சொல்றேன், ஜனவரி பெப்ரவரியில புல்லு மேல உறைபனி விழுற விடியக்காலையில வெளிய நிண்ட பைக்குக்கு லித்தியம் பெட்டரின்னா உடனே சார்ஜ் போடாதீங்க, வெயில் ஏறட்டும். குளிர்ல பூச்சியம் பாகை செல்சியஸுக்கு கீழ போன பெட்டரிக்கு சார்ஜ் ஏத்தினா உள்ளுக்கு நிரந்தரமா பழுதாகும்.

கேள்வி: 2025 நவம்பர்ல டித்வா புயல் நேரம் வெள்ளத்தில மூழ்கின பைக் ஒண்ணு கம்பளை பக்கம் பாதி விலைக்கு வருது. காய வச்சி ஓடுதாம். லித்தியம் பெட்டரி. வாங்கலாமா?
(நாவலப்பிட்டி வாசகர்)

பதில்: பெட்டரியோட வேணாம். பைக் ஓடுதுங்கிறது இங்க ஒரு சாட்சியே இல்ல. வெள்ளத்தண்ணி சுத்த தண்ணி இல்ல, சேறு, உப்பு, சாக்கடை எல்லாம் கலந்தது, அது பெட்டரி பேக்குக்குள்ள செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில, பெட்டரிய பாதுகாக்கிற பிஎம்எஸ் போர்ட் மேல படிஞ்சி காய்ஞ்சிரும். அப்புறம் மெல்ல மெல்ல அரிச்சி ஒரு நாள் ஷோர்ட் ஆகும். நனைஞ்ச லித்தியம் பெட்டரி அன்னைக்கே எரியணும்னு இல்ல, நாள் கணக்கில, வாரக் கணக்கில சும்மா இருந்துட்டும் பத்தியிருக்கு, அதுவும் சார்ஜ் போடும்போது ஆபத்து கூட. வெயில்ல வச்சோம், அரிசி மூட்டைக்குள்ள வச்சோம்னு சொல்றதெல்லாம் பேக்குக்குள்ள போன சேத்துக்கு ஒண்ணும் பண்ணாது.

பெட்டரிய கழிச்சி, புது பெட்டரி என்ன விலைன்னு ஏஜன்ட்கிட்ட கேட்டு, மோட்டர் பெயாரிங், கொன்ட்ரோலர், சார்ஜர் மாத்துற செலவையும் கூட்டி பாருங்க. அதுக்கு பிறகும் லாபம்னா பொடிக்கு மட்டும் விலை பேசுங்க. பார்க்க போகும்போது மீட்டர் கண்ணாடி உள்பக்கம், ஹெட்லயிட் குழிக்குள்ள, சீட்டுக்கு கீழ ஸ்க்ரூ தலைங்க, இந்த மூணு எடத்திலயும் சேத்துக் கோடு இருக்கான்னு டோர்ச் அடிச்சி பாருங்க, மூழ்கலன்னு சொல்லி விக்கிறவங்களும் அந்த மூணையும் கழுவ மறந்துருவாங்க.

உங்கட சொந்த பைக்கே வெள்ளத்தில மாட்டியிருந்தா, இத படிக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், சாவிய போடாதீங்க, சார்ஜ் போடாதீங்க. வீட்டுக்குள்ள, லயத்து ஓரத்தில வைக்காம 50 அடியாவது தள்ளி வெட்ட வெளியில நிப்பாட்டிட்டு ஏஜன்டுக்கு கோல் எடுங்க. பெட்டரியில இருந்து சூடோ, சீறுற சத்தமோ, இனிப்பா ஒரு வாடையோ வந்தா கிட்டப் போகாதீங்க, ஆக்கள தள்ளி நிக்க சொல்லிட்டு 110க்கு அடிச்சி ஃபயர் பிரிகேட்ட கூப்பிடுங்க.